அப்போஸ்தலர் என்றால் பன்னிருவர் மட்டுமா?

ஆதித் திருச்சபையைப் பற்றிப் பேசும்போது சீடர், பன்னிருவர், அப்போஸ்தலர் ஆகிய மூன்று சொற்களையும் ஒரே பொருளில் வழங்குவதுதான் நம்மிடையே மிகுதியாகக் காணப்படும் தவறு. சீடர் கற்பவர், அப்போஸ்தலர் அனுப்பப்பட்டவர். கத்தோலிக்கர் வழங்கும் 'திருத்தூதர்' என்ற சொல் அந்தக் கிரேக்கப் பொருளை நேராகவே உணர்த்துகிறது. இயேசு தம் சீடர்களுள் பன்னிருவரைத் தெரிந்துகொண்டு அவர்களுக்கு அப்போஸ்தலர் எனப் பெயரிட்டதாக லூக்கா (6:13) எழுதுவதிலிருந்தே, சீடர் கூட்டம் அதனினும் பெரியது என்பது விளங்கும்.

ஆனால் அந்த வசனத்தோடு நின்றுவிட்டு, அப்போஸ்தலர் பன்னிருவரே என்று கணக்கை முடித்துவிடுவதும் தவறு. உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைக் கண்டவர்களை வரிசைப்படுத்தும் பவுல், பன்னிருவரை முதலில் குறிப்பிட்டு, பின்னர் 'அப்போஸ்தலர் எல்லாருக்கும்' என்று தனியே சொல்கிறார் (1 கொரிந்தியர் 15). பவுலும் பர்னபாவும் பன்னிருவரில் இல்லாதவர்கள். இருந்தும் அப்போஸ்தலர் நடபடிகள் 14:14 இருவரையும் அப்பெயராலேயே அழைக்கிறது. ரோமர் 16:7-இல் வரும் யூனியாவை அப்போஸ்தலருள் சிறந்த பெண்ணாகவே 4ஆம் நூற்றாண்டின் சபைப் பிதாவான யோவான் கிறிசோஸ்தோம் போற்றினார். அந்த வசனத்தின் பொருள் பற்றி இன்றும் விவாதம் உண்டு என்றாலும், கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அவருடைய வாசிப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

தமிழ் வாசகருக்கு இன்னொரு இடறலும் இருக்கிறது. பிலிப்பியர் 2:25-இல் எப்பாப்பிரோதீத்துவை நமது பழைய வேதாகமம் 'உங்கள் ஸ்தானாபதி' என்கிறது; மூலத்தில் இருப்பதோ அதே 'அப்போஸ்தொலோஸ்'. சிறையிலிருந்த பவுலுக்குப் பிலிப்பி சபையார் தந்த உதவியைக் கொண்டுசென்றவர் அவர். இதைக் கொண்டு அவரையும் பவுலையும் ஒரே நிறையில் வைத்துவிடலாகாது. எப்பாப்பிரோதீத்துவை அனுப்பியது ஒரு சபை. பவுலோ, தாம் மனுஷராலல்ல, இயேசு கிறிஸ்துவினாலேயே அப்போஸ்தலனானதாகக் கலாத்தியர் நிருபத்தின் முதல் வரியிலேயே அறிவிக்கிறார். ஆகவே இச்சொல் வரும் இடந்தோறும், அனுப்பியவர் யார், எதற்காக அனுப்பினார் என்று பார்த்த பிறகே பொருள் கொள்ள வேண்டும்.

பன்னிருவரின் முடிவைப் பற்றிய மரபுகளையும் புதிய ஏற்பாட்டின் செய்தியையும் கலந்துவிடக் கூடாது. யூதாசை விடுத்தால், அவர்களுள் செபெதேயுவின் மகன் யாக்கோபின் மரணத்தை மட்டுமே அது விவரிக்கிறது. பேதுரு தலைகீழாகச் சிலுவையில் அறையப்பட்டதும் தோமா மயிலாப்பூரில் இறந்ததும் பிற்கால மரபுகள்.

கடைசியாக, அப்போஸ்தலரை ஓரிடத்தில் அமர்ந்து ஆளுகை செய்த பிஷப்புகளைப் போலக் கற்பனை செய்வதும் தவறு. 1873-இல் கான்ஸ்டான்டினோப்பிளில் கண்டெடுக்கப்பட்ட கையெழுத்துப் பிரதி வழியாக நமக்குக் கிடைத்த 'திதகே' என்னும் பழைய சபை ஒழுங்கு, அவர்களை ஊர் ஊராகச் செல்பவர்களாகவே காட்டுகிறது. வரும் அப்போஸ்தலரை ஆண்டவரைப் போல ஏற்க வேண்டும். அவர் ஒரு நாள், தேவையானால் இரண்டாம் நாளும் தங்கலாம். மூன்று நாள் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த தங்குமிடம் வரைக்கும் வேண்டிய அப்பத்தைத் தவிர வேறெதையும் அவர் எடுத்துச் செல்லலாகாது. பணம் கேட்டால் அவரும் கள்ளத் தீர்க்கதரிசியே.