அட்ரினல் குறைபாடுள்ள குழந்தைக்கு வீட்டிலேயே அவசர ஊசி போடுவது எப்படி?

நாங்கள் கேரள எல்லையில், மலை மேல் உள்ள குமுளியில் இருக்கிறோம். என் மகளுக்கு ஏழு வயது. அட்ரினல் சுரப்பியில் பிறவிக் குறை, சி.ஏ.ஹெச். என்பார்கள். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் போதுமான அளவு சுரக்காததால், அதற்கு ஈடாகத் தினமும் மூன்று வேளை ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை. காய்ச்சல், வாந்தி, பலத்த அடி என்று வந்தால் நம் உடம்பு கார்ட்டிசாலைத் தானே கூட்டிக்கொள்ளும். அவள் உடம்பால் அது முடியாது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கி மயங்கிவிடுவாள். அந்த நேரத்துக்குத்தான் இந்த ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி.

அவளுக்கு நாலு வயதில் ஒரு கார்த்திகை இரவு, அடுத்தடுத்து வாந்தி. மருந்து அலமாரியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளலாம் என்று மலைக்குக் கீழே உள்ள கம்பம் ஊருக்குக் கிளம்பிவிட்டோம். சபரிமலை சீசன். லோயர் கேம்புக்கு மேலே கொண்டை ஊசி வளைவில் வண்டிகள் நகரவில்லை. மடியில் கிடந்தவள் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. பிழைத்துவந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம்: முதலில் ஊசி, அப்புறம்தான் வண்டி.

எப்போது போடுவது? சாதாரணக் காய்ச்சலுக்கு ஊசி வேண்டாம். 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தாண்டினால் மாத்திரையைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். மாத்திரையை வாந்தி எடுத்தால் ஒருமுறை திரும்பக் கொடுக்கிறோம். அதுவும் வெளியே வந்தால் ஊசி. மயக்கம், வலிப்பு, எலும்பு முறிவு என்றால் யோசிக்கவே வேண்டாம். சந்தேகமாக இருந்தாலும் போடுங்கள். தேவையில்லாமல் ஒருமுறை போட்டுவிட்டால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. தேவையான நேரத்தில் போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஒரு சின்ன டப்பாவில் இவை இருக்கட்டும்: 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் குப்பி, ஊசிக்கான ஸ்டெரைல் வாட்டர், 2 மில்லி சிரிஞ்சு, 23 நம்பர் ஊசி, பஞ்சு, டாக்டரின் கடிதம். இதே போல இரண்டு டப்பா. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இனி கலப்பது. கையைக் கழுவுங்கள். சிரிஞ்சில் 2 மில்லி தண்ணீர் இழுத்து, குப்பியின் ரப்பர் மூடி வழியாக உள்ளே விடுங்கள். ஆட்டினால் முதலில் பால் போலக் கலங்கும், பிறகு தெளியும். தெளியும்வரை ஆட்டுங்கள், பதற்றத்தில் நான் தடுமாறுவது இந்த இடத்தில்தான். 2 மில்லியில் 100 மில்லிகிராம் என்றால் 1 மில்லியில் 50. என் மகளுக்கு எழுதியிருப்பது 50 மில்லிகிராம், அதாவது 1 மில்லி. உங்கள் குழந்தையின் அளவை டாக்டரிடம் கேட்டு, குப்பி மேலேயே பிளாஸ்திரி ஒட்டி எழுதி வையுங்கள். அளவை இழுத்ததும் காற்றை வெளியேற்றிவிடுங்கள்.

போடும் இடம் தொடையின் வெளிப்பக்கம், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே. ஒருவர் காலைப் பிடிக்க, ஊசியை நேராகச் செருகி மருந்தை நிதானமாகச் செலுத்துங்கள். ஒரே நொடியில் எல்லாவற்றையும் தள்ளவேண்டியதில்லை. அவசரத்தில் மெல்லிய துணி மேலேயே போடலாம்.

சரி, போட்டாயிற்று. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விழித்திருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். மயங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். 108 எண் கேரளத்திலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. ஊசிக்குப் பிறகு நன்றாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். சலைன், குளுக்கோஸ் தேவைப்படும்.

எங்கள் கடிதம் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கிறது. பள்ளிக்கூடத்து டீச்சருக்கு மலையாளம், மலைக்குக் கீழே உள்ள நர்ஸுக்குத் தமிழ். டீச்சரிடம் டப்பாவை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள்; அவர் கையாலேயே ஒருமுறை செய்ய வையுங்கள்.

பழக, தேதி முடிந்த குப்பியும் சாத்துக்குடியும் போதும். அதன் தோல் இறுக்கம் கைக்கு ஒரு பிடிமானம் தரும். போன மாதம் என் அம்மா பழகினார். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, குப்பியை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மருந்து தெளியவில்லை என்று இன்னும் ஒருமுறை ஆட்டினார். இழுத்தது சரியாக 1 மில்லி.