இரண்டு கண்ணிலும் யுவியைட்டிஸ்: சிவப்பு போனதும் சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்

கண் சிவந்தால் நாம் முதலில் நினைப்பது மெட்ராஸ் ஐ. அதில் பீளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். யுவியைட்டிஸ் என்பது கண்ணுக்குள் வரும் அழற்சி; இதில் பீளை இருக்காது. கருவிழியைச் சுற்றி வளையம்போலச் சிவக்கும், வெளிச்சம் பட்டால் கூசி வலிக்கும், பார்வை மங்கும். அழற்சி கண்ணின் பின்பகுதியில் மட்டும் இருந்தால் சிவப்பும் வலியும்கூட இருக்காது; மங்கலும், மிதக்கும் கரும்புள்ளிகளும்தான். மருந்துக்கடையில் சொட்டு மருந்து கேட்டு வாங்காமல், அன்றோ மறுநாளோ கண் மருத்துவரிடம் போங்கள். ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும் நோய் இது.

இரண்டு கண்ணிலும் ஒருசேர வந்தால் காரணத்தை உடம்பில் தேட வேண்டும். காசநோய், சிபிலிஸ், சார்காய்டோசிஸ் (நுரையீரல் முதலிய உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் வரும் நோய்) ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் அதற்காகத்தான். வெள்ளத்துக்குப் பின் காய்ச்சல் வந்ததா என்று கேட்டால் மறக்காமல் சொல்லுங்கள். 1993 இறுதியில் பெருமழை வெள்ளத்தை அடுத்து மதுரை வட்டாரத்தில் எலிக்காய்ச்சல் பரவியது. அதைத் தொடர்ந்து பலருக்குக் கண்ணில் அழற்சி வந்தது. தலைவலி, காதில் இரைச்சல், தோலில் வெண்திட்டு, மூட்டு வலி, வாய்ப்புண் எல்லாமே துப்புதான். காசநோய் இருப்பது தெரியாமல், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் அந்த நோய் கிளம்பிவிடும்.

பிரெட்னிசோலோன் அசிட்டேட் 1% என்ற ஸ்டீராய்டு சொட்டு மருந்தில் மருந்துத் துகள் அடியில் தங்கும். குலுக்காமல் விட்டால் மருந்து சரியான அளவில் கண்ணில் விழாது. மருந்து கேட்கவில்லை என்று வருகிறவர்களில் சிலருக்குக் கோளாறு இதுதான். கை கழுவி, புட்டியை நன்றாகக் குலுக்கி, கீழிமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. முனை இமையில் படக்கூடாது. கண்ணை மூடி, மூக்கோரத்தில் 2 நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி. கடுமையான அழற்சியில் தொடக்கத்தில் மணிக்கு ஒரு சொட்டு என்றுகூட எழுதுவார்கள்; பிறகு வாரக்கணக்கில் படிப்படியாகக் குறையும். மூன்றாம் நாளே சிவப்பு போய்விடலாம், உள்ளே அழற்சி அணுக்கள் மிதந்துகொண்டிருக்கும். அப்போது நிறுத்தினால் முன்னைவிட வேகமாகத் திரும்பும்.

பாவையை (கருவிழியின் நடுத் துளையை) விரிக்கும் ஹோமட்ரோபின் அல்லது அட்ரோபின் வலியைக் குறைக்கும், பாவையைச் சுற்றியுள்ள ஐரிஸ் திரை பின்னால் உள்ள லென்ஸோடு ஒட்டாமல் காக்கும். கிட்டப் படிக்க முடியாது, வெயில் கூசும், வண்டி ஓட்ட வேண்டாம். இதற்குப் பயந்து விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் பாவை கோணலாக ஒட்டிப்போகிறது.

ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றும், வலியே தெரியாது. ஆகவே நன்றாக இருந்தாலும் அழுத்தம் பார்க்கப் போக வேண்டும். மாத்திரையாகத் தந்தால் காலையில் சாப்பிட்டபின். சர்க்கரை உள்ளவர்கள் அளவைக் கூடுதல் தடவை பாருங்கள். திடீரென்று நிறுத்தவே கூடாது. நோய் எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை தந்தால், அது வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கிழமையை அட்டையில் எழுதி ஒட்டுங்கள்.

மூட்டுவாதம் உள்ள குழந்தைக்கு யுவியைட்டிஸ் சத்தமில்லாமல் வரும். புகார் சொல்லாவிட்டாலும் மருத்துவர் குறித்த இடைவெளியில் காட்டுங்கள்.

வீட்டில் தினமும் ஒரு சோதனை: ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சுவரிலுள்ள தினசரிக் காலண்டரைப் படியுங்கள், பிறகு மாற்றுங்கள். இரண்டையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் மங்கலை மறைத்துவிடும். நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று தெரியவில்லை என்றால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம்.