சீலியாக் உள்ளவர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது

கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் புண்படுத்தும் நோய்தான் சீலியாக். இட்லியும் சோறும் சாப்பிடுகிற ஊரில் கோதுமையைத் தவிர்ப்பது ஒரு பெரிய காரியமா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். சப்பாத்தி, பரோட்டா, சேமியா பாயசம், அல்வா எல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிடலாம். ஆனால் சாம்பார் சோறும் முறுக்கும் மட்டும் சாப்பிட்டுவிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் பலர். காரணம் பெருங்காயம், மாவு மில், எண்ணெய்ச் சட்டி, கரண்டி இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலில் பெருங்காயம். கடையில் டப்பாவில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். காரமான பிசினைத் தனியாகக் கையாள்வது கடினம் என்பதால் மைதாவும் கருவேலம் பிசினும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். தூளில்தான் மாவு, கட்டியில் இருக்காது என்று நம்புவது தவறு. கட்டியிலும் மைதா உண்டு. லேபிளில் கோதுமை மாவு, மைதா என்ற வார்த்தைகளைத் தேடுங்கள். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் விற்கிறது. நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. பழுப்பாக, கையில் ஒட்டும், வாசனை தூக்கலாக இருக்கும். மிளகு அளவு கிள்ளி இரண்டு ஸ்பூன் வெந்நீரில் கால் மணி நேரம் ஊற வைத்தால் தண்ணீர் பால்போல் வெளுக்கும். ஆறு பேருக்கான சாம்பாருக்கு அது போதும். நான்கு நாள் பயணத்துக்கு 10 கிராம் தாராளம்.

அதை உங்களுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். போனதும் சமையல் செய்பவரிடம் கொடுத்து, நீங்கள் இருக்கும் நாட்களில் வீட்டுக்கே அதைப் போடச் சொல்லுங்கள். தனிக் குழம்பு வைத்தால் இரண்டாம் நாளே கரண்டி மாறிவிடும். ஒரே குழம்பு என்றால் மாறவே வழியில்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போன் செய்ய வேண்டும், ஏனென்றால் பலகாரத்துக்கு மாவு அரைப்பது அப்போதுதான். "கோதுமை ஒத்துக்காது" என்று மட்டும் சொன்னால் ரவா கேசரி வந்து நிற்கும். ரவையும் மைதாவும் கோதுமைதான் என்பது பலருக்குத் தோன்றாது. பெயர் சொல்லிப் பட்டியல் போடுங்கள்: "அத்தை, கோதுமை, மைதா, ரவை, சேமியா, கடைப் பெருங்காயம், இந்த அஞ்சும் எனக்குத் துளிகூடச் சேரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. முறுக்குக்கு மாவு நான் கொண்டு வந்துடுறேன்." ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் பார்லியும் கோதுமையும் இருப்பதையும் சொல்லிவிடுங்கள். வந்த களைப்புக்கு முதலில் நீட்டுவது அந்த டம்ளரைத்தான்.

முறுக்கு மாவை நீங்களே கொண்டுபோவதற்குக் காரணம் மில். உங்களுக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவு கல்லிடுக்கிலும் துணிக் குழாயிலும் தங்கி உங்கள் அரிசியோடு வரும். குளூட்டன் இல்லாதது என்று லேபிளில் போட இந்தியாவில் அனுமதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒரு கோதுமை மணி சுமார் 40 மில்லிகிராம் எடை, அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஒரு கிலோ அரிசியில் ஐந்து மணி கலந்தாலே எல்லையைத் தொட்டுவிடும். வீட்டிலேயே அரையுங்கள். ஒரு கிலோ பச்சரிசியைப் பொறுக்கி, கழுவி, ஒரு மணி நேரம் ஊற வைத்து, நிழலில் துணியில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே மிக்ஸியில் அரைத்துச் சலித்து, வெறும் சட்டியில் வறுத்து ஆற விடுங்கள். உளுந்தை 100 கிராம் தனியாக வறுத்து அரைத்துச் சேர்க்கலாம். சல்லடை புதிதாக இருக்கட்டும். கோதுமை மாவு சலித்த வலையை எவ்வளவு கழுவினாலும் முழுக்கப் போகாது.

சுடும்போது வரிசைதான் முக்கியம். புது எண்ணெயில் முதலில் முறுக்கு, தட்டை, அதிரசம். சோமாசி, பாதுஷா போன்ற மைதாப் பலகாரம் அப்புறம். எண்ணெய் எவ்வளவு கொதித்தாலும் குளூட்டன் அழியாது, அதனால் சோமாசி வெந்த எண்ணெய் உங்களுக்கு ஆகாது. உங்கள் பங்கைத் தனி டப்பாவில் போட்டு மூடி, மேலே பெயர் எழுதிவிடுங்கள், குழந்தைகள் கை மாற்றாமல் இருக்க.

தோசைக்கல் விஷயத்தில் கொஞ்சமும் இளகக் கூடாது. சப்பாத்தி போட்ட இரும்புக் கல்லின் எண்ணெய்ப் படிவில் மாவு ஒட்டிக்கொண்டிருக்கும், தேய்த்தால் போகாது. சின்னக் கல் ஒன்றும் தோசைத் திருப்பியும் பெட்டியில் வையுங்கள். இடமில்லை என்றால் அங்கே இட்லி மட்டும் சாப்பிடுங்கள். கூடவே 150 கிராம் இட்லிப் பொடி, 200 கிராம் புளிக்காய்ச்சல் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் உங்கள் பெருங்காயம்தான்.

இரவு ரயிலுக்கு ஒருவருக்கு எட்டு இட்லி. நல்லெண்ணெயும் பொடியும் இருபக்கமும் தடவி, முழுக்க ஆறிய பிறகு வாழை இலையில் கட்டினால் மறுநாள் காலை வரை தாங்கும். சூடாகக் கட்டினால் வியர்த்துக் கெட்டுவிடும். வழியில் ஓட்டலில் நிற்க நேர்ந்தால் இட்லியும் தயிரும் கேளுங்கள், சாம்பார் சட்னி வேண்டாம். அங்கே தோசை வேண்டவே வேண்டாம், ரவா தோசையும் அதே கல்லில்தான்.

கல்யாணப் பந்தி என்றால் முதல் பந்திக்கு முன்பே சமையற்கட்டுக்குப் போய்த் தலைமைச் சமையல்காரரைப் பாருங்கள். பெருங்காயம் சேராத வேகவைத்த பருப்பு, வெறும் சோறு, நெய், வாழைப்பழம் வாங்கித் தனியாக உட்கார்ந்து சாப்பிடலாம். பொங்கலுக்குப் போவது இதைவிட எளிது. சர்க்கரைப் பொங்கலில் அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், நெய், ஏலக்காய், முந்திரிதான். வெண்பொங்கலில் மட்டும் பெருங்காயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தவறிச் சாப்பிட்டுவிட்டால் கஞ்சி, மோர், நிறையத் தண்ணீர். வாந்தி நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். வயிறு வலிக்கவில்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று எண்ண வேண்டாம், அறிகுறியே இல்லாமலும் சிறுகுடலின் உட்சுவர் புண்படும். "ஒரு வாய்தானே" என்று ஊட்ட வரும் பாட்டிக்கு இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது பலகாரப் பை ஒன்று கட்டாயம் வரும். மறுத்தால் மனசு வருத்தப்படும். அதனால் முந்தின நாளே நீங்களாக வாய்விட்டுக் கேளுங்கள்: தேங்காய் நாலு, வீட்டுப் புளி ஒரு கிலோ, நெய் ஒரு பாட்டில், தோட்டத்து வாழைக்காய். சந்தோஷமாகக் கட்டித் தருவார்கள்.