சுருளை எவ்வளவு தளர்த்துவது? ஆஃப்ரோ முடிக்கு ரிலாக்சர் போடும் முன் செய்ய வேண்டியவை

என் மகளுக்கு அப்பா வழி முடி. அவர் கானாக்காரர், நான் யாழ்ப்பாணம். மகளின் முடி காய்ந்திருக்கும்போது தோளைத் தொடாது. ஒரு சுருளைப் பிடித்து இழுத்தால் முதுகின் பாதி வரை வரும். இலண்டனில் 22 வருடமாக அதைச் சிக்கெடுத்துப் பின்னிய கை என்னுடையது. போன வருடம், "அம்மா, நேராக்க வேண்டாம், கொஞ்சம் தளர்ந்தால் போதும்" என்றாள். இதற்கு டெக்ஸ்லாக்ஸ் என்று பெயர்: சுருள் முடியை நேராக்கும் கார மருந்தான ரிலாக்சரை வேண்டுமென்றே பாதியில் நிறுத்துவது. எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

முடியில் கந்தகப் பிணைப்புகள்தான் சுருளைப் பிடித்து வைத்திருக்கின்றன. ரிலாக்சரின் காரம் அவற்றை உடைத்து வேறு வகைப் பிணைப்பாக மாற்றிவிடும். அது பழையபடி திரும்பாது. சுருள் அதிகமாகப் போய்விட்டால், மாதம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் வளரும் புதுமுடிக்காகக் காத்திருந்து பழையதை வெட்டுவதுதான் வழி. அதனால் குறைவாகவே தொடங்குங்கள்.

போடலாமா என்பதையும் யோசியுங்கள். 2022இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வொன்று 33,497 பெண்களை வைத்து வெளிவந்தது. வருடத்தில் நாலு தடவைக்கு மேல் முடி நேராக்கும் மருந்து போட்டவர்களுக்கு, போடாதவர்களைவிடக் கருப்பைப் புற்றுநோய் ஆபத்து இரண்டு மடங்குக்கும் அதிகமாகத் தெரிந்தது. மருந்துதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் நாங்கள் வருடத்துக்கு இரண்டு தடவை, அதுவும் புதுமுடிக்கு மட்டும் என்று முடிவெடுத்தோம். சின்னப் பிள்ளைகளுக்குப் போடவே வேண்டாம்.

மருந்து. லை (சோடியம் ஹைட்ராக்சைடு உள்ளது), நோ-லை (அது இல்லாதது, கலந்து போடுவது) என்று இரண்டு வகை. நோ-லை தலைத்தோலில் அவ்வளவு எரியாது என்பார்கள், உண்மைதான். ஆனால் கலந்த பிறகு ஒரு நாளுக்குள் முடிக்க வேண்டும், முடியில் கால்சியமும் படியும். இலண்டன் தண்ணீரே போதுமான கால்சியத்தோடுதான் வருகிறது. என் தேர்வு லை, அதிலும் வீரியம் குறைந்த மைல்ட். கலக்கத் தேவையில்லாத ஒரே டப்பா சோதனைக்கும் தலைக்கும் போதும். தலைத்தோல், காது, நெற்றி ஓரம் எல்லாம் வாசலின் பூசாமல் மட்டும் தொடாதீர்கள். புண்ணோ கீறலோ இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

முடிச் சோதனை. உச்சி, பிடரி, முன்நெற்றி மூன்று இடத்திலும் நூல் தடிமனில் மூன்று மூன்று கொத்து வெட்டி, நிற நூலால் கட்டுங்கள். மருந்தைப் பூசி 5, 8, 11 நிமிடம் என்று வைத்துக் கழுவி, காரத்தை முறிக்கும் ந்யூட்ரலைசிங் ஷாம்பு போட்டு, இரவு முழுக்கக் காய விடுங்கள். ஈரத்தில் எல்லாமே நேராகத்தான் தெரியும், அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். காலையில் பார்த்தால் எங்கள் உச்சிக் கொத்து 8 நிமிடத்தில் பேனா தடிமன் சுருளாக நின்றது. முன்நெற்றிக் கொத்து அதே 8 நிமிடத்தில் நூல் மாதிரித் தொங்கியது. ஒரே தலைதான், ஆனால் ஓர முடி மெல்லியது. ஒவ்வொன்றையும் நனைத்து மெதுவாக இழுத்தும் பாருங்கள். பட்டென்று அறுந்தால் அந்த நேரம் அதிகம்.

பூசுவது. நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். முதல் தடவை பிடரியில் தொடங்கி முன்னால் வரவே இருபது நிமிடம் ஆனது. எல்லாவற்றையும் ஒன்றாக அலசினேன். பிடரி முடி தட்டையாகிவிட்டது, முன்பக்கம் அப்படியே இருந்தது. பிள்ளை கண்ணாடி முன் நின்று பின்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சோதனையில் எட்டு நிமிடம் என்றால், அந்தப் பகுதியில் மருந்து பட்ட கணத்திலிருந்து எட்டு நிமிடம். பூசும் நேரமும் அதற்குள் அடக்கம்.

இதற்கு என் மச்சாள், மகளின் அப்பாவின் அக்கா, சொல்லித் தந்த வழி: இன்றைக்குப் பாதித் தலை, அடுத்த வாரம் மீதி. ஒவ்வொரு பாதியையும் மூன்று நாலு சிறு பிரிவாக்கி, ஒரு பிரிவைப் பூசி, அலசி, பிறகு அடுத்தது. ஓர முடி கடைசியில், குறைந்த நேரத்துக்கு. செய்யாத பக்கத்திலும் செய்து முடித்த பக்கத்திலும் கண்டிஷனரைத் தடிப்பாகப் பூசிக் கிளிப் போடுங்கள். இல்லாவிட்டால் அலசும்போது வழியும் மருந்து அங்கேயும் வேலை செய்யும். கையுறை கட்டாயம். பிளாஸ்டிக் கிண்ணமும் டை அடிக்கும் தூரிகையும் போதும், அலுமினியம் கிட்டவே வரக் கூடாது. சீப்பால் இழுத்து நீவாதீர்கள், நீவ நீவ நேராகும். எரிந்தால் நேரம் பார்க்காமல் உடனே அலசுங்கள்.

அப்புறம் ந்யூட்ரலைசிங் ஷாம்பு, மூன்று தடவை. காரம் இருக்கும் வரை நுரை இளஞ்சிவப்பாக மாறும் வகையை வாங்குங்கள். நுரை வெள்ளையாகும் வரை விடாதீர்கள். காதுக்குப் பின்னால்தான் மருந்து ஒளிந்திருக்கும்.

பின்சேர்க்கை: சென்னையிலும் கொழும்பிலும் ரீபாண்டிங் செய்த முடிக்கு மேல் இதைப் போடலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. ரீபாண்டிங்கில் வழக்கமாக இருப்பது தயோகிளைக்கோலேட் என்ற வேறு வகை மருந்து. அது பட்ட முடியில் ஹைட்ராக்சைடு ரிலாக்சர் பட்டால் முடி கையோடு வந்துவிடும். அந்த முடி வளர்ந்து வெட்டுப்படும் வரை பொறுங்கள்.