வான்குடை விழும் இடத்திலிருந்து தொடங்குங்கள்: முற்கால இலக்கு ட்ரோன்களை ஏவுவதும் மீட்பதும்

விமான எதிர்ப்புப் பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழகுவதற்கென்றே கட்டப்பட்ட சிறிய புரொப்பல்லர் ட்ரோன்களை எப்படி வானேற்றினார்கள், எப்படி உடையாமல் தரையிறக்கினார்கள் என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். ஹாலிவுட் நடிகர் ரெஜினால்ட் டென்னி தொடங்கிய ரேடியோபிளேன் நிறுவனம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கலிபோர்னியாவில் தயாரித்த ஓக்யூ-2, ஓக்யூ-3, ஓக்யூ-14 ஆகியவற்றையும், போருக்குப் பின் அதே நிறுவனத்திலிருந்து வந்த ஓக்யூ-19 வகையையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன். அருங்காட்சியகத்தில் இவற்றைப் பார்வையாளர்களுக்கு விளக்குபவர்கள், அளவொத்த மாதிரி செய்து முறையான அனுமதியுடன் பறக்கவிட நினைப்பவர்கள் ஆகிய இரு சாராருக்கும் இது பயன்படும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவற்றைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஏவுதலையே வியந்து பேசுகிறார்கள். ஆனால் ஒரு பறப்பைத் திட்டமிடும்போது கடைசிக் காட்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வான்குடை எங்கே விரியும், எங்கே போய் விழும் என்பதை முடிவு செய்த பிறகே ரப்பர் கயிற்றின் இழுப்பில் ட்ரோனை வானேற்றும் கவணை எங்கே நிறுத்துவது, எந்தத் திசையில் ஏவுவது என்பவற்றை முடிவு செய்ய முடியும். கவண் வைக்க வசதியான மேட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இறங்குமிடத்தைக் காற்றின் பொறுப்பில் விடுபவர் ட்ரோனை மரத்திலோ நீர்நிலையிலோதான் தேட வேண்டியிருக்கும்.

இதற்குத் தேவையான கணக்கு எளியது. ஓக்யூ-2 ஏறத்தாழ 47 கிலோ எடை கொண்டது. அதன் வான்குடையின் விட்டம் 24 அடி, அதாவது 7.3 மீட்டர். இந்த எடைக்கும் இந்தப் பரப்புக்கும் இறங்கு வேகம் நொடிக்குச் சுமார் 5 மீட்டர் என்று வருகிறது. அப்படியானால் 300 மீட்டர் உயரத்தில் குடை விரிந்தால் தரையைத் தொட ஒரு நிமிடம் ஆகும். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அந்த ஒரு நிமிடத்தில் ட்ரோன் 360 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். எனவே விழ வேண்டிய இடத்திலிருந்து காற்று வரும் திசையில் 360 மீட்டர் தொலைவைக் குறித்துக்கொண்டு, அதற்கு நேர் மேலே குடையை விரிக்க வேண்டும். தரையில் முகத்தில் படும் காற்றை மட்டும் வைத்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது, ஏனென்றால் மேலே காற்று பெரும்பாலும் கூடுதல் வேகத்துடன், சில வேளைகளில் வேறு திசையிலும் வீசும். சிறு பலூன் ஒன்றைப் பறக்கவிட்டு, அது எப்படி நகர்கிறது என்று கண்ணால் பார்த்த பின் கணக்கிடுவதே சரி.

எந்த அளவு காற்று வரை பறக்கலாம் என்ற கேள்விக்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் தரையில் படுவது, ஒரு பொருளை மார்பளவு உயரத்திலிருந்து கீழே போடுவதற்குச் சமம். உறுதியாகக் கட்டிய சட்டகம் அதைத் தாங்கும். ஆனால் பக்கவாட்டில் நொடிக்கு 6 மீட்டர் காற்றும் சேரும்போது தரையில் மோதும் ஆற்றல் 2 மடங்குக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. ஓக்யூ-2வில் சக்கரங்கள் இருந்ததைப் படத்தில் பார்ப்பவர்கள் அது ஓடுபாதையில் இறங்கியது என்று நினைப்பதுண்டு. உண்மையில் வான்குடையில் வந்து அமரும் அதிர்ச்சியைக் குறைக்கத்தான் அந்தச் சக்கரங்கள் இருந்தன, பின்னர் வந்த வகைகளில் அவை நீக்கப்பட்டுவிட்டன.

இடம் முடிவானதும் வான்குடையை மடிக்க வேண்டும். எல்லா வேலைகளிலும் அதிகப் பொறுமையைக் கேட்பது இதுதான், இதை அவசரத்தில் செய்யவே கூடாது. நீளமான, தூசியற்ற மேசையில் குடையை முழு நீளத்துக்கு இழுத்து விரித்து, மறுமுனையில் இணைப்பு வளையத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கயிற்றையும் வளையத்திலிருந்து துணியின் ஓரம் வரை விரலால் தடவிக்கொண்டே போனால், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் கயிறு விரலில் இடறும். அப்படி ஒரே ஒரு கயிறு குறுக்கே கிடந்தாலும் குடை இரண்டு குமிழாகப் பிரிந்து விரியும், அப்போது இறங்கு வேகத்துக்கு ஒரு கட்டுப்பாடும் இருக்காது. துணி மடிப்புகளை இரு பக்கமும் சம எண்ணிக்கையில் பிரித்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, கயிறுகளை வளைந்து வளைந்து செல்லும் மடிப்புகளாக அடுக்கிய பின்னரே பெட்டிக்குள் வைக்க வேண்டும். மூடி திறந்ததும் முதலில் வெளிவர வேண்டியது மேலே இருக்கிறதா என்று, மடித்தவர் அல்லாத இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது மின்சாரத்தை இணைக்கும் வரிசை. ரேடியோ தொடர்பு அறுந்தால் வான்குடை தானாகவே விரியும்படி அமைப்பதுதான் இத்தகைய ட்ரோன்களின் பாதுகாப்பு ஏற்பாடு. ஓக்யூ-19 குடும்பத்தில் கட்டளை கொடுத்தாலும், சமிக்ஞை நின்றாலும், மின்சாரம் போனாலும் குடை வெளியே வந்துவிடும். ஆகவே தரையில் உள்ள அலைபரப்பியை முதலில் இயக்கி, அதன் பிறகே ட்ரோனில் உள்ள ரிசீவருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். நிறுத்தும்போது இந்த வரிசை அப்படியே தலைகீழாக வேண்டும். நான் செய்த மாதிரி ஒன்றில் எரிபொருள் நிரப்பும் இடைவெளியில் அலைபரப்பியை அணைத்துவிட்டேன். அடுத்த நொடியே, ரப்பர் இழுத்துக் கட்டியிருந்த கவணின் மேலேயே மூடி தெறித்துக் குடை காற்றில் உப்பத் தொடங்கியது. விடுவிப்புக் கொக்கியில் பாதுகாப்பு ஊசி செருகியிருந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. அன்றிலிருந்து அந்த ஊசிக்குச் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன், அதை உருவுபவர் ஒரே ஒருவர்தான் என்ற விதியையும் மாற்றவில்லை.

எஞ்சினை இயக்கும்போது ஆட்கள் புரொப்பல்லரின் பின்பக்கமே நிற்க வேண்டும், அது சுழலும் தளத்தின் பக்கவாட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது. ஓக்யூ-2வில் இருந்தது சுமார் 6 குதிரைத்திறன் கொண்ட இரு சிலிண்டர் இரட்டை வீச்சு எஞ்சின். ஓக்யூ-19இல் இருந்த மெக்கல்லக் எஞ்சின் 4 சிலிண்டர்களுடன் 72 குதிரைத்திறன் தந்தது. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓடும் இந்த எஞ்சின்கள் குளிர்ந்த நிலையில் ஒழுங்காக ஓடுவது போலத் தோன்றி, முழு வேகம் கேட்டவுடன் இருமி நின்றுவிடக்கூடியவை. ஆகவே நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு, முழு வேகத்தில் ஒலி சீராக இருப்பதைக் காதால் உறுதி செய்துகொண்ட பிறகே ஏவ வேண்டும். சுக்கானும், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் கட்டளைக்கு ஏற்ற பக்கம் அசைகின்றனவா என்பதையும் எஞ்சின் ஓடும் நிலையிலேயே பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிர்வில் மட்டும் வெளிப்படும் தளர்ந்த இணைப்புகள் உண்டு.

கவணில் ஏவும்போது கவனிக்க வேண்டியது இழுவிசையின் அளவு. ஓர் எடுத்துக்காட்டாக, 47 கிலோ எடையை 10 மீட்டர் நீளமுள்ள தண்டவாளத்தில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று கொள்வோம். அதற்குச் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல் 2 மடங்கு முடுக்கம் தேவை. ரப்பர் கயிற்றின் இழுப்பு தொடக்கத்தில் உச்சத்தில் இருந்து, ஓட ஓடக் குறைந்துகொண்டே போவதால், முதல் கணத்தில் அது ஏறத்தாழ 4 மடங்காக இருக்கும். பேட்டரி, ரிசீவர், எரிபொருள் தொட்டி ஆகிய ஒவ்வொன்றும் தன் எடையைப் போல் 4 மடங்கு விசையில் பின்னோக்கி இழுக்கப்படும் என்பதை நினைவில் வைத்து அவற்றைக் கட்ட வேண்டும். எதிர்காற்று இங்கே பெரிய உதவி செய்கிறது: நொடிக்கு 5 மீட்டர் எதிர்காற்று இருந்தால் தேவைப்படும் ஆற்றல் பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்குக் குறைந்துவிடுகிறது. குளிர்ந்த காலையில் ரப்பர் சோம்பிக் கிடக்கும் என்பதால், எத்தனை அடி இழுத்தோம் என்று பார்ப்பதைவிட, சுருள்வில் தராசு வைத்து எத்தனை கிலோ இழுவிசை என்று அளப்பதே நம்பத்தக்கது.

தண்டவாளத்தை விட்டு நீங்கிய பின்வரும் சில நொடிகள்தான் மிகவும் ஆபத்தானவை. வேகம் குறைவாக இருக்கும்போது சுக்கானுக்கும் எலிவேட்டருக்கும் பிடிமானம் இல்லை, எஞ்சினோ முழு விசையில் சுழல்கிறது. ஆகவே புரொப்பல்லர் சுழலும் திசைக்கு எதிராக ட்ரோன் உருளப் பார்க்கும். ஓக்யூ-2வில் ஒரே அச்சில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பல்லர்கள் இருந்ததால் அந்த முறுக்கு விசை பெரிதும் தன்னைத்தானே ஈடு செய்துகொண்டது. ஓக்யூ-3 முதல் ஒற்றைப் புரொப்பல்லருக்கு மாறிய பிறகு இயக்குபவர் அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்த நொடிகளில் மூக்கை மேலே தூக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். இறக்கைகளைச் சமமாக வைத்து, மிகச் சிறிய ஏற்றத்தில் வேகம் சேரவிட்டு, அதன் பிறகே உயரம் எடுக்க வேண்டும். பிரிட்டனில் 1932இல் வேலியன்ட் போர்க்கப்பலிலிருந்து கவண் மூலம் ஏவப்பட்ட ஃபேரி குயீன் ஆளில்லா இலக்கு விமானங்களில் முதல் இரண்டும் ஏவிய அரை நிமிடத்துக்குள் கடலில் விழுந்தன. மூன்றாவது விமானமோ மேலே ஏறிவிட்டது. 1933இல் கப்பற்படையின் துப்பாக்கிகள் 2 மணி நேரம் முயன்றும் அதை வீழ்த்த முடியவில்லை. சுடப்படுவதற்கென்றே பிறந்த விமானத்துக்குக் குண்டுகளைவிட ஏவுதலே பெரிய அபாயமாக இருந்தது என்பதை எண்ணும்போதெல்லாம், கவணடியில் நின்ற அந்தப் பெயர் தெரியாத மாலுமிகள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

எடை கூடிய ஓக்யூ-19க்கு ராக்கெட் உந்துதல் பயன்பட்டது. தண்டவாளமே இல்லாமல், சாய்ந்த சிறு தாங்கியில் ட்ரோனை நிறுத்தி, அடியில் பொருத்திய ராக்கெட் குப்பியை மின்சாரத்தால் பற்றவைத்து ஏவி, எரிந்து முடிந்த குப்பியைக் கழன்று விழச் செய்வார்கள். இதில் எல்லாம் ஓர் அளவில்தான் அடங்கியிருக்கிறது: ராக்கெட்டின் உந்துகோடு ட்ரோனின் ஈர்ப்பு மையத்தின் வழியே செல்ல வேண்டும். கோடு மையத்துக்குக் கீழே விலகினால் மூக்கு மேலே எகிறும், மேலே விலகினால் தரையைக் குத்தும். அதனால் எரிபொருள் நிரப்பி, வான்குடை வைத்து, பறக்கும் நிலையில் உள்ள முழு ட்ரோனையும் தூக்கி நிறுத்தி ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடித்த பின்னரே குப்பியின் கோணத்தை அமைக்க வேண்டும். வட்டப் பாதையில் நடுக்கம்பத்தோடு பிணைத்துச் சுற்றவிட்டு, வேகம் வந்ததும் விடுவிக்கும் முறையும் இருந்தது. அதற்குச் சமதளமான பெரிய இடம் வேண்டும்.

பறக்கும் நேரத்தைப் பற்றி இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை. எரிபொருள் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குத்தான் போதும் என்பதையும், கண்ணுக்கு எட்டும் தொலைவில் வைத்திருந்தால்தான் ட்ரோன் வருகிறதா போகிறதா என்பது புரியும் என்பதையும் மறக்காமல் இருந்தால் போதும். கடிகாரத்தைப் பார்ப்பதற்கென்று தனியாக ஒருவர் இருக்க வேண்டும்.

மீட்கும் நேரம் வந்ததும் முன்பே குறித்த புள்ளியை நோக்கி, காற்றை எதிர்கொண்டு ட்ரோனைக் கொண்டுவர வேண்டும். எதிர்காற்றில் அதன் தரைவேகம் குறைவதால் புள்ளியைத் துல்லியமாகப் பிடிக்க முடியும். முதலில் எஞ்சினை நிறுத்தி, வேகம் தணிய ஓரிரு நொடி விட்டு, பிறகு குடைக்கான கட்டளையைக் கொடுக்க வேண்டும். முழு வேகத்தில் குடையை விரித்தால் அந்த இழுப்பில் துணி கிழியலாம் அல்லது இணைப்பு வளையம் சட்டகத்தோடு பிய்ந்து வரலாம், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் கயிறு புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளவும் கூடும். பிரிட்டனின் இன்னோர் ஆளில்லா இலக்கு விமானமான குயீன் பீ இதற்கு மாறாக, வழக்கமான விமானம் போலவே சக்கரத்திலோ மிதவையிலோ இறங்கியது. அதைப் பார்க்கும்போது வான்குடை எவ்வளவு வேலையைக் குறைத்தது என்பது புரியும், ஏனென்றால் தரையைத் தொடும் கணத்தைத் தொலைவிலிருந்து கண்ணால் கணிக்கும் பெரும் சிக்கலை அது அடியோடு நீக்கிவிட்டது.

தரையில் விழுந்த ட்ரோனை நெருங்குபவர் முதலில் குடையைத்தான் பிடிக்க வேண்டும். காற்று வீசும் பக்கமாகச் சுற்றிப் போய், துணியின் ஓரத்தை உள்பக்கம் மடக்கினால் அது அடங்கிவிடும்; இல்லாவிட்டால் விழுந்தபோது பிழைத்த இறக்கைகள் இழுபட்டு உடையும். அடுத்து ரிசீவரின் மின்சாரத்தைத் துண்டித்து, அதன் பிறகே அலைபரப்பியை அணைக்கச் சொல்ல வேண்டும். கார்புரேட்டரின் வாயில் மண்ணும் புல்லும் அடைத்திருக்கும் என்பதால் அதைத் துடைக்கும்வரை புரொப்பல்லரைக் கையால்கூடத் திருப்பக் கூடாது, திருப்பினால் அந்த மண் சிலிண்டருக்குள் போய்விடும். கடலில் விழுந்து படகில் மீட்டதாக இருந்தால் காத்திருக்க நேரமே இல்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினுக்குள்ளும் வெளியிலும் நன்னீர் பாய்ச்சி உப்பை நீக்கி, நீரை வடித்து, எண்ணெய் ஊற்றிச் சுழற்றி வைக்க வேண்டும். மின்கருவிகளைத் தனியே கழற்றி உலர்த்த வேண்டும்.

குடைத் துணியையும் கயிறுகளையும் நிழலில் உயரமாகத் தொங்கவிட்டு, தையல்களின் உட்பக்கம் வரை ஈரம் போய்விட்டதா என்று விரலால் அழுத்திப் பார்த்த பின்னரே மறுபடியும் மடிக்கும் மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.