சிலிகோனுக்குள் நிட்டினால் கம்பி: மோட்டார் இல்லாமல் வளையும் குட்டி விரல்

நிட்டினால் என்பது நிக்கலும் டைட்டேனியமும் அணுக் கணக்கில் ஏறத்தாழ பாதிப் பாதி சேர்ந்த உலோகக்கலவை. இதில் செய்த கம்பியை இழுத்து நீட்டிவிட்டுச் சூடாக்கினால், பழைய நீளம் நினைவுக்கு வந்ததுபோல் 4% அளவுக்குச் சுருங்கும். ஆனால் ஆறியதும் தானாக நீளாது, யாராவது இழுத்துவிட வேண்டும். அந்த வேலையைத்தான் சிலிகோன் செய்யப்போகிறது.

முதலில் அச்சு: அக்ரிலிக் துண்டுகளை ஒட்டி 50 மி.மீ. நீளம், 10 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழத்தில் ஒரு சின்னத் தொட்டி.

அடுத்து 0.1 மி.மீ. ஃப்ளெக்ஸினால் கம்பி (நிட்டினால் கம்பியின் ஒரு பிராண்ட்), சுமார் 90 டிகிரி செல்சியஸில் சுருங்கும் வகை. ஏற்கெனவே நீட்டித்தான் விற்கிறார்கள். ஒரு முனையில் சின்ன பிளாஸ்டிக் துண்டைச் சுற்றித் திருப்பி, இரண்டு நுனிகளையும் மறுமுனையில் தனித்தனி கிரிம்ப் (நசுக்கிப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய்) போட்டு இறுக்குங்கள். சாலிடர் வேண்டாம், மேலே இருக்கும் ஆக்சைடு படலத்தில் ஒட்டாது. சுருங்கும்போது ஒவ்வொரு இழையும் சுமார் 140 கிராம் இழுக்கும், கிரிம்ப் வழுக்கினால் எல்லாம் போச்சு.

கம்பியை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சிலிகோன் பட்டையின் நட்டநடுவில் வைத்தால் அது வளையாது, கொஞ்சம் குறுகும், அவ்வளவுதான். நடுவிலிருந்து 1 மி.மீ. தள்ளி, அதாவது அடியிலிருந்து 0.5 மி.மீ. உயரத்தில் நேராகக் கட்டுங்கள். 50 மி.மீ.யில் 4% என்றால் 2 மி.மீ.; அதை 1 மி.மீ. தள்ளலால் வகுத்தால் 2 ரேடியன், சுமார் 115 டிகிரி. இது காகிதக் கணக்கு, சிலிகோனும் அமுங்குவதால் நிஜத்தில் குறையும். தள்ளலைக் குறைத்தால் அதிகம் வளையும், ஆனால் பலம் குறையும்.

சிலிகோனுக்கு சில்கார்ட் 184 நல்லது. அதன் மூலப்பொருளையும் உறையவைக்கும் திரவத்தையும் எடையில் 10:1 கலந்து, குமிழி அடங்கியதும் ஊற்றுங்கள். ஜெல்லி மாதிரி மென்மையான ரகங்கள் பார்க்க அழகு, ஆனால் கம்பியைத் திரும்ப இழுக்கும் தெம்பு அவற்றுக்கு இல்லை.

அப்புறம் பொறுமை. 100 டிகிரி ஓவனில் 35 நிமிடத்தில் உறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சூட்டில் கம்பி உறைவதற்குள்ளேயே சுருங்க முயலும். அறை வெப்பத்தில் 48 மணி நேரம் விடுங்கள்.

உறைந்ததும் மல்டிமீட்டரில் பாருங்கள்: 10 செ.மீ. கம்பிக்கு 12.6 ஓம் வரவேண்டும். பவர் சப்ளையில் கரண்ட் வரம்பை 0.2 ஆம்பியரில் வைத்து (2.5 வோல்ட் போதும்) ஆரம்பியுங்கள். சிலிகோன் சூட்டை உறிஞ்சுவதால் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கலாம். வளைவு நின்றதும் கரண்ட்டை நிறுத்துங்கள். அதற்கு மேல் கொடுத்தால் கம்பியின் நினைவுதான் கெடும். நிமிர்வதற்கு வளைந்ததைவிட அதிக நேரம் எடுக்கும், அது நிமிராமல் அடுத்த முறை கொடுக்காதீர்கள்.