மீன்தொட்டிக் கண்ணாடியில் படியும் பாசி: இராமநாதபுரக் கரையோர வீடுகளுக்கு

மண்டபம், பாம்பன் பக்கம் பாசி என்றால் பிழைப்பு. பெண்கள் கடலில் மூழ்கி எடுத்து வரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகரும், கட்டக்கோரை என்ற பாசியிலிருந்து ஆல்ஜினேட்டும் எடுக்கப்படுகின்றன; இரண்டும் உணவைக் கெட்டியாக்க உதவும் பொருள்கள். வீட்டு மீன்தொட்டியின் கண்ணாடியில் படிவது வேறு வகை என்றாலும், வெளிச்சமும் நீரில் கரைந்த சத்தும் கிடைத்தால் பெருகும் என்ற இயல்பு இரண்டுக்கும் பொது. ஆகவே துடைப்பது பாதி வேலைதான். வெளிச்சத்தையும் சத்தையும் குறைக்காதவரை, துடைத்த இடத்தில் சில நாட்களுக்குள் மீண்டும் பச்சை பிடிக்கும்.

முதலில் படிந்திருப்பது எது என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். புதிய தொட்டியில் முதல் சில வாரங்களில் பழுப்புத் தூளாகப் படிவது டயாட்டம் என்ற நுண்பாசி. பஞ்சால் தொட்டாலே வந்துவிடும், தொட்டி பழகப் பழகத் தானே குறையும். மெல்லிய பச்சைப் படலமும் எளிதில் போகும். புள்ளி புள்ளியாக, கெட்டியாக ஒட்டியிருக்கும் பச்சைக்குத்தான் சுரண்டல் தேவை. கரும்பச்சை நிறத்தில் வழவழப்பாக, தோல் உரிவதுபோல் தாள் தாளாக வந்து மண்வாடை அடித்தால், அது பாசியே அன்று; நீலப்பச்சைப் பாக்டீரியா. அதைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, விளக்கை அணைத்துத் தொட்டியைத் தடித்த துணியால் மூன்று நாள் மூடி வைக்க வேண்டும். இறந்து அழுகும் படலம் ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும். நம் ஊர் வெப்பத்தில் நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனும் குறைவு. ஆகையால் அந்த மூன்று நாளும் ஏர் பம்ப் நிற்கக் கூடாது.

சுரண்டுவதற்குக் காலாவதியான ஏடிஎம் அட்டையே எனக்குப் பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. அசைக்க முடியாத புள்ளிகளுக்குப் புதிய பிளேடைச் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒரே வாக்கில் இழுக்கலாம். ஆனால் தொட்டி அக்ரிலிக்கால் ஆனதென்றால் பிளேடு ஆகாது, கண்ணாடியிலும் மூலைகளில் உள்ள சிலிக்கான் பசையின் அருகே அதைக் கொண்டுபோகக் கூடாது. கண்ணாடிக்கு உள்ளும் வெளியுமாக ஒட்டி நகரும் காந்தத் துடைப்பானில் ஒரு மணல் துணுக்கு சிக்கியதைக் கவனிக்காமல் நான் இழுத்த கோடு என் தொட்டியில் இன்றும் இருக்கிறது. அந்தக் கீறலில்தான் பாசி முதலில் ஒட்டுகிறது. அடிமணலுக்கு இரண்டு விரல் உயரத்திற்குக் கீழே காந்தத்தை இறக்காதீர்கள். சோப்பை எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது.

நம் கரையில் மிகவும் கவனிக்க வேண்டியது தண்ணீர். பல இடங்களில் போர் தண்ணீர் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்தது. அத்துடன் ஓயாத காற்றும் வெயிலும் சேர்ந்து தொட்டி நீரை வேகமாக வற்றச் செய்கின்றன. வற்றும்போது நீர் மட்டுமே ஆவியாகிறது, உப்பு உள்ளேயே தங்குகிறது. நாளொன்றுக்கு அரை லிட்டர் வற்றுவதாகவும், அதை டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) லிட்டருக்கு 2000 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரால் நிரப்புவதாகவும் வைத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் ஊற்றிய 15 லிட்டருடன் 30 கிராம் உப்பு கூடுதலாகத் தொட்டிக்குள் சேர்ந்துவிடுகிறது. நீர்மட்டக் கோட்டில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு அதன் அடையாளம். அந்தச் சொரசொரப்பு பாசிக்கு நல்ல பிடிமானம். எனவே வற்றியதை ஈடுசெய்ய ஆர்ஓ கேன் தண்ணீரையோ, ஐப்பசி கார்த்திகையில் முதல் மழை மாடியைக் கழுவிச் சென்றபின் பிடித்து வைத்த மழைநீரையோ ஊற்றுவதே சரி. இது வாரந்தோறும் கால் பங்கு நீரை எடுத்துவிட்டுப் புதுநீர் விடுவதற்கு மாற்று அன்று. பாசிக்குச் சத்தாகும் கரைந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அப்படித்தான் வெளியேறும். அதற்குக் குழாயில் வரும் காவிரி நீரைப் பயன்படுத்தினால், குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து ஏர் பம்ப் ஓட விடுங்கள், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்ட்டி குளோரின் சொட்டுகளை விடுங்கள். சுண்ணாம்புக் கோட்டை வினிகர் நனைத்த துணியால் போக்கலாம். நீர்மட்டத்தை நன்கு இறக்கிய பிறகு, வினிகர் உள்ளே வழியாதபடி துடைத்து எடுக்க வேண்டும்.

வெளிச்சத்தில் சமரசம் வேண்டாம். கிழக்கு ஜன்னல் திறந்தால் காலை வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டியை வைத்துவிட்டு எவ்வளவு துடைத்தும் பயனில்லை. இடம் மாற்ற இயலாதெனில் வெயில் படும் பக்கக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். விளக்கு நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். நினைவை நம்பாமல் டைமர் பொருத்துவது நல்லது. தீனியை இரண்டு நிமிடங்களில் மீன்கள் தின்று முடிக்கும் அளவே போட வேண்டும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்தால் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா சாகாது.

இவ்வளவுக்கும் பதிலாக, கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் மீன் ஒன்றை வாங்கி விடச் சொல்வோர் உண்டு. சிறு குட்டியாகக் கிடைக்கும் அந்த மீன் ஓரடிக்கும் மேல் வளரும். வளர வளரப் பாசியைத் தின்பதைவிட அது போடும் கழிவு அதிகமாகி, பாசிக்கே உரமாகும். பாசி தின்னும் நெரைட் நத்தைகள் சிறிய தொட்டிக்கு மிகப் பொருத்தமானவை. அவை கண்ணாடியில் இடும் வெள்ளை முட்டைகள் நன்னீரில் பொரிந்து பெருகுவதில்லை. ஏற்கெனவே சக்கர் மீன் வைத்திருந்து, அது பெருத்துவிட்டதென்றால், தயவுசெய்து ஊருணியிலோ கண்மாயிலோ விடாதீர்கள். கரையைத் துளைத்துக் குழி பறித்து, உள்ளூர் மீன்களின் உணவையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும் தென் அமெரிக்க மீன் அது. தமிழகத்தின் பல நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவியிருக்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படையுங்கள்.